ஒரு சதவீதத்துக்கு வெளியே: செங்கல்பட்டு இருளப் பெண்களும் பணியிட அதிகாரமும்

குரோம்பேட்டையிலோ சிட்லபாக்கத்திலோ மழைக்காலத்தில் ஒருவரைப் பாம்பு கடித்துவிட்டால், அரசு மருத்துவமனையில் அவருக்கு ஏற்றும் நச்சுமுறிவு மருந்தின் மூலப்பொருள் பெரும்பாலும் இதே செங்கல்பட்டு மாவட்டத்தின் வடநெம்மேலியிலிருந்து போனதாகத்தான் இருக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முதலைப் பண்ணை வளாகத்தில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம் 1978இல் பதிவு செய்யப்பட்டது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்ற நான்கின் நஞ்சையும் மருந்துக் கம்பெனிகளுக்கு விற்பது அதன் தொழில். இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சுமார் 58,000 பேர் இறக்கிறார்கள் என்று 2020இல் வந்த ஆய்வொன்று கணக்கிட்டது. அப்படிப்பட்ட நாட்டில் உயிர்காக்கும் மருந்துத் தொழில் ஒரு பழங்குடியின் கைத்திறனை நம்பி நிற்கிறது.

அந்தக் கைகளில் பெண்களின் கைகளும் உண்டு. பாம்புக்குப் போகும்போது கணவனும் மனைவியுமாகப் போவது இருளரிடம் வழக்கம்தான். வரப்போரம் வளைவாயின் மண் எப்படி வழவழத்திருக்கிறது, எலி போன வளையா பாம்பு போன வளையா, எச்சம் எத்தனை நாள் பழசு என்று பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் கடப்பாரையை ஊன்றுவார்கள். பிடிபட்ட பாம்பு சங்கத்தில் மண்பானைக்குள் போகும். பானையின் வாய்க்குத் துணி கட்டி, பாம்பின் இனம், பாலினம், நீளம், வந்த தேதி எல்லாம் குறித்துவைப்பார்கள். வாரம் ஒருமுறை நஞ்செடுத்து, மூன்று நான்கு வாரத்தில், அதே பாம்பு மறுபடி வந்தால் தெரியும்படி வயிற்றுச் செதிலில் அடையாளம் இட்டுக் காட்டில் விட்டுவிடுவார்கள். இந்த வேலையில் எந்தக் கட்டத்தையும் ஆணுக்கென்று ஒதுக்க முடியாது.

ஆனால் பழங்குடிப் பெண் உழைக்கிறாளா என்று இன்று யாரும் கேட்பதில்லை. உழைக்கும் இடத்தில் முடிவெடுக்கிறாளா என்பதே கேள்வி. நம் சட்டங்களும் அலுவலகங்களும் இதற்குப் பதிலாகத் தலைகளை எண்ணிக் காட்டுகின்றன. அந்த எண்ணிக்கை எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் பழங்குடியினர் 7.95 லட்சம் பேர், மொத்தத்தில் 1.10 சதவீதம். மாநிலத்தின் 69 சதவீத இடஒதுக்கீட்டில் அவர்களுக்கு உள்ளது 1. இந்த ஒன்று கிடைத்ததுகூட 1990ஐ ஒட்டித்தான். அதற்கு முன் பட்டியல் சாதியினரோடு சேர்த்தே 18 சதவீதம் வைத்திருந்தார்கள். தனியாகப் பிரித்தது நல்ல காரியம், சந்தேகமில்லை. ஆனால் இனச்சுழற்சி 200 பணியிடங்களுக்கு ஓடுகிறது. அதில் பழங்குடியினருக்கு இரண்டே முறைதான் வரும். பெண்களுக்கான உள்ஒதுக்கீட்டைச் சேர்த்தால் அந்த இரண்டில் ஒன்று பெண்ணுக்குப் போகலாம். ஒரே தடவையில் ஆயிரம் பேரை எடுக்கும் துறையில் இதற்கு அர்த்தம் உண்டு. ஆண்டுக்கு நான்கைந்து பேரை எடுக்கும் ஒரு அலுவலகத்தில் பழங்குடிப் பெண்ணின் முறை வருவதற்குள் ஒரு தலைமுறை ஓய்வு பெற்றுவிடும். ஒதுக்கீட்டை எதிர்க்க இதைச் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் இந்த ஒன்றும் இருக்காது. சதவீதம் என்ற கருவி பெரிய எண்ணிக்கைக்குத்தான் பொருந்தும். சிறிய சமூகத்துக்கு அது பல நேரங்களில் பூஜ்ஜியமாகவே முடியும்.

தேர்தல் கணக்கும் அப்படியே. 234 சட்டமன்றத் தொகுதிகளில் பழங்குடியினருக்கு இரண்டு: ஏற்காடு, சேந்தமங்கலம். 2008 தொகுதி மறுவரையறைக்கு முன் உப்பிலியபுரத்தோடு மூன்று இருந்தது. மக்களவையில் தமிழகத்திலிருந்து ஒன்றுகூட இல்லை. ஏற்காட்டில் 2013 இடைத்தேர்தலில் பெ. சரோஜாவும், 2016இலும் 2021இலும் கு. சித்ராவும் வென்றார்கள் என்பது கவனிக்க வேண்டிய செய்தி. மாநிலத்தின் இரண்டு பழங்குடித் தொகுதிகளில் ஒன்று பெண்களின் கையில் தொடர்ந்து இருந்திருக்கிறது. ஆனால் இரண்டுமே மலைத் தொகுதிகள், மலையாளிப் பழங்குடியினர் திரண்டு வாழும் பகுதிகள். சமவெளியில் ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் பத்து வீடு, இருபது வீடாகச் சிதறிக் கிடக்கும் இருளருக்கு அந்த வாய்ப்பு இல்லை. இத்தனைக்கும் மாநிலத்தில் அவர்கள் ஏறத்தாழ 1.9 லட்சம் பேர். மத்திய அரசு மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று வகைப்படுத்தியுள்ள தமிழகத்தின் ஆறு குழுக்களில் ஒன்று.

இந்த ஒரு சதவீதத்துக்குள் நுழையவும் ஒரு வாசல் இருக்கிறது. நம் பகுதியில் அது தாம்பரம் ஆர்.டி.ஓ. ஆபீஸ். பட்டியல் சாதிச் சான்றிதழைத் தாசில்தாரே கொடுத்துவிடலாம். பழங்குடிச் சான்றிதழைக் கோட்டாட்சியர்தான் கொடுக்க வேண்டும். போலிச் சான்றிதழ்கள் பெருகியதால் 1989இல் அதிகாரம் ஒரு படி மேலே போனது. பின்னர் 1994இல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சரிபார்ப்புக் குழுக்களை வகுத்துக் கொடுத்தது. இங்கே மாநிலக் கூர்நோக்குக் குழு, மெய்த்தன்மைச் சரிபார்ப்பு என்றெல்லாம் வந்தன. போலியைத் தடுக்கக் கட்டிய மதில் அது. உண்மையான இருளரும் அந்த மதிலுக்கு வெளியேதான் நிற்கிறார்கள்.

மனு வி.ஏ.ஓ.விடம் தொடங்கி ஆர்.ஐ., தாசில்தார் வழியாக மேலே போகும். ஒவ்வொரு மேஜையிலும் கேட்கும் முதல் கேள்வி, அப்பாவுக்குச் சான்றிதழ் இருக்கிறதா என்பது. செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடந்த தலைமுறைக்கு ரேஷன் கார்டே இருந்ததில்லை. சான்றிதழ் எங்கிருந்து வரும்? இருளர்தான் என்று நிரூபிக்கப் பாம்பு பிடித்துக் காட்டு, எலி பிடித்துக் காட்டு என்று அதிகாரிகள் கேட்பதாக இருளர் அமைப்புகள் பல ஆண்டுகளாகப் புகார் சொல்லி வருகின்றன. திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி தொடங்கிய பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தின் உழைப்பில் பெரும்பங்கு இந்தச் சான்றிதழுக்கே போயிருக்கிறது. பத்தாம் வகுப்பு முடித்த பெண்பிள்ளைக்குச் சான்றிதழ் இரண்டு வருஷம் தள்ளிப்போனால், அந்த இரண்டு வருஷத்தில் கல்யாணம் முடிந்துவிடும். பையன் காத்திருந்தாலும் திரும்பி வர ஒரு வழி இருக்கும். பெண்ணுக்குப் பெரும்பாலும் இருப்பதில்லை. அலுவலகத் தாமதம் எல்லோருக்கும் பொதுதான், அதன் விலை பொதுவாக இல்லை.

இந்த வாசலைத் தாண்டி வந்தவர்களும் இருக்கிறார்கள். ஜவ்வாது மலையின் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி, மலையாளிப் பழங்குடிப் பெண், 2024 பிப்ரவரியில் உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்ற செய்தி எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. பிரசவமான இரண்டாம் நாள் மலையிலிருந்து இறங்கிச் சென்னைக்கு வந்து தேர்வெழுதியவர் அவர். நாம் அதைச் சாதனை என்று கொண்டாடினோம், சரிதான். ஒருவர் நீதிபதியாக இத்தனை தூரம் உடலைப் பணயம் வைக்க வேண்டியிருந்தது என்பதைக் கொண்டாட்டத்தின் நடுவே யாரும் பெரிதாகப் பேசவில்லை.

சான்றிதழைப் போலவே பட்டமும் ஒரு மதில்தான். குரோம்பேட்டைக்கு அடுத்த ரயில் நிலையம் தாம்பரம் சானடோரியம். அங்கே உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தை 2005 செப்டம்பர் 3 அன்று அப்போதைய பிரதமர் மன்மோகன் சிங் திறந்துவைத்தார். அதன் மருத்துவமனைக்கு அயோத்திதாசப் பண்டிதர் பெயர் வைத்திருக்கிறார்கள். நீலகிரியில் இளமையைக் கழித்தவர், ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்து சித்த மருத்துவம் செய்தவர், பட்டத்தால் அல்ல, பரம்பரை அறிவால் வைத்தியரானவர். அப்படிப்பட்டவர் இன்று உயிரோடு வந்தால் தன் பெயர் தாங்கிய மருத்துவமனையில் மருத்துவராகச் சேர முடியாது. அதற்குச் சித்த மருத்துவப் பட்டமும் பதிவும் வேண்டும். நோயாளியின் பாதுகாப்புக்கு அந்த விதி தேவைதான். ஆனால் செங்கல்பட்டுச் சீமையின் புதர்க்காடுகளில் சிறுகுறிஞ்சான் எது, நன்னாரி எது, எந்த மாதத்தில் எடுத்தால் வேர் மருந்தாகும் என்று தெரிந்த இருளப் பெண்ணுக்கு மருத்துவராக மட்டுமல்லாமல் வேறு எந்தப் பெயரிலும் ஒரு பதவி வகுக்கப்படவில்லையே என்பதுதான் இங்கே கேள்வி. மூலிகை அடையாளம் காண்பவர், சேகரிப்பைக் கண்காணிப்பவர், மாணவர்களுக்குக் காட்டில் பாடம் சொல்பவர் என்று ஒரு பணி இருந்தால் அதற்கு எந்தப் பட்டதாரியைவிடவும் அவர் தகுதியானவர்.

இந்த அறிவுக்கு விலை கொடுத்துப் பார்த்த ஓர் உதாரணம் பக்கத்துக் கேரளத்தில் உண்டு. அகத்திய மலையின் காணிப் பழங்குடியினர் 1987இல் ஆய்வாளர்களுக்கு ஆரோக்கியப்பச்சை என்ற செடியைக் காட்டினார்கள். அதிலிருந்து உருவான ‘ஜீவனி’ மருந்தை 1990களின் நடுவில் ஒரு கம்பெனிக்கு உரிமம் கொடுத்தபோது, கட்டணத்திலும் ராயல்டியிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவாயிற்று. 1997இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளை பதிவானது. உலகமே மேற்கோள் காட்டிய ஏற்பாடு. பணம் பகிரப்பட்டது; ஆனால் மருந்து எப்படிச் செய்வது, செடியை எங்கே பயிரிடுவது, யார் விற்பது என்ற முடிவுகள் வேறு இடங்களில்தான் எடுக்கப்பட்டன. 2002ஆம் ஆண்டு உயிரிப் பன்மயச் சட்டம் பலன் பகிர்வை நாட்டுக்கே விதியாக்கியது. 2023இல் வந்த திருத்தமோ, நூல்களில் தொகுக்கப்பட்ட மரபறிவைப் பயன்படுத்துவோருக்கு அதிலிருந்து விலக்குக் கொடுத்துவிட்டது. சுவடியில் ஏறிய அறிவுக்கு உரிமையாளர் கிடையாது என்று இதற்குப் பொருள். இருளப் பெண் சொல்லும் செடி ஏதாவது ஒரு சித்த நூலில் இருந்துவிட்டால் போதும், அவள் பங்கு கேட்க முடியாது. சித்தர் பெயரில் ஏட்டில் ஏறியதில் எவ்வளவு, காட்டில் சுள்ளி பொறுக்கிய பெண்கள் வழியாக வந்தது என்று யார் சொல்வது?

வடநெம்மேலிக்குத் திரும்புவோம். இருளர் அங்கே சங்கமாகச் சேர்ந்ததற்குக் காரணம் ஒரு தடை. முன்பெல்லாம் பாம்பைப் பிடித்துத் தோல் வியாபாரிக்குக் கொடுத்துப் பிழைத்தார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதையடுத்து வந்த பாம்புத்தோல் ஏற்றுமதித் தடையும் ஒரே வீச்சில் அந்தப் பிழைப்பை முடித்தன. ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் முதலானோர் இருளரோடு சேர்ந்து, கொல்லாமல் நஞ்சு மட்டும் எடுத்து விற்கும் வழியைக் கண்டார்கள். கூலியாளாக இருந்தவர் உறுப்பினரானார். இந்தியப் பழங்குடி வரலாற்றில் இது சின்ன விஷயம் இல்லை. என்றாலும் ஆண்டுக்கு எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதை வனத்துறை முடிவு செய்கிறது. மேற்பார்வை தொழில் வணிகத் துறையிடம் இருக்கிறது. உறுப்பினர் என்ற தகுதிக்கும் நிர்வாகி என்ற தகுதிக்கும் நடுவே அரசு உட்கார்ந்திருக்கிறது.

2017இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க இங்கிருந்து மாசி சடையனும் வடிவேல் கோபாலும் போனார்கள். முதல் எட்டு நாளில் 13 பாம்புகளைப் பிடித்து அந்த ஊர் அதிகாரிகளை அசரவைத்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. முழுத் தகுதியோடு வந்த விருது. அதே வரப்பில் அதே கடப்பாரையோடு நிற்கும் பெண்களில் ஒருத்தியின் பெயரைச் சொல்லுங்கள் என்றால் நம்மில் யாருக்கும் தெரியாது.

பெண்களுக்கென்று தனியாக ஒரு சங்கம் வேண்டும் என்று 1980களிலேயே தோன்றியிருக்க வேண்டும். 1986இல் இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம் தொடங்கப்பட்டது. செங்கல்பட்டுக்கு அருகே தண்டரையில் அதன் வளாகம். நாட்டு மரக்கன்று வளர்ப்பு, மூலிகைத் தோட்டம், மருந்துத் தயாரிப்பு என்று பெண்களின் செடியறிவை வேலையாக மாற்றிய இடம் அது. இங்கே வேலைக்கு ஏற்றபடி பெண்களைத் தேடவில்லை, பெண்களுக்குத் தெரிந்ததைச் சுற்றி வேலையை அமைத்தார்கள். என் வாதம் முழுவதும் இந்த வித்தியாசத்தில்தான் நிற்கிறது. தமிழகத்தில் பழங்குடிப் பெண்ணுக்குப் பணியிடத்தில் உண்மையான சொல்வாக்கு கிடைத்த இடங்களைத் தேடிப்போனால், அவை ஒதுக்கீட்டால் நிரப்பப்பட்ட அலுவலகங்களாக இருப்பதில்லை. அவர்களுடைய அறிவையும் தேவையையும் மையமாக வைத்துக் கட்டப்பட்ட சிறு நிறுவனங்களாகவே இருக்கின்றன.

இதற்கு ஆகச் சிறந்த சான்று நீலகிரியின் கூடலூர். 1980களின் நடுவில் அங்கே வந்த அக்கார்டு அமைப்பின் துணையோடு ஆதிவாசி முன்னேற்றச் சங்கம் உருவாகி, 1988 டிசம்பரில் நில உரிமைக்காகப் பல்லாயிரம் பேர் ஊர்வலம் போனார்கள். அடுத்து ஆரோக்கியம். பணியரும் பெட்டக்குறும்பரும் காட்டுநாயக்கரும் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்தார்கள். அங்கே யாரும் அவர்கள் பேச்சைப் பேசவில்லை, மதிக்கவும் இல்லை. 1990இல் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையைத் தொடங்கியபோது நர்சுகளை வெளியிலிருந்து கொண்டுவராமல், அந்தக் குடிகளின் பெண்பிள்ளைகளையே எடுத்துப் பழக்கினார்கள். பள்ளிப்படிப்பு பாதியில் நின்றவர்களும் அவர்களில் உண்டு. ரத்த அழுத்தம் பார்ப்பதில் தொடங்கி, பிரசவம் பார்ப்பது, அறுவை அரங்கில் நிற்பது வரை கற்றுக்கொண்டார்கள். கிராமத்துச் சுகாதாரப் பணியாளரும் அவர்களே, வார்டில் இருப்பவரும் அவர்களே. 1992இலேயே குடும்பங்களுக்கு மருத்துவக் காப்பீடு ஏற்பாடு செய்தார்கள். நாட்டில் அந்தச் சொல் பரவலாகாத காலம் அது. காலப்போக்கில் நிர்வாகத்திலும் ஆதிவாசிகள் அமர்ந்தார்கள்.

அங்கே நோயாளி படுக்கையில் தன் பேச்சில் வலியைச் சொன்னால், கேட்பவருக்குப் புரிகிறது. பணியிடத்தில் பழங்குடிப் பெண் இருப்பதால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு இதைவிட நேரான பதில் கிடைக்காது. அவர் இருப்பதால் அந்த நிறுவனத்தின் வேலையே மேம்படுகிறது. இதில் ஒரு குறையும் உண்டு, மறைக்க வேண்டாம். நர்சிங் கவுன்சில் பதிவில்லாத எந்தப் பயிற்சிக்கும் வெளியே மதிப்பில்லை. சிறு நிறுவனம் கொடுக்கும் அதிகாரம் அதன் வேலிக்குள்ளேயே முடிந்துவிடும் ஆபத்து தண்டரைக்கும் உண்டு, கூடலூருக்கும் உண்டு. ஒதுக்கீடும் சான்றிதழும் அந்த வேலிக்கு அப்பால்தான் தேவைப்படுகின்றன.

தலைமை என்றால் நாற்காலி என்று நினைப்பதும் பாதிதான் சரி. தர்மபுரி மாவட்டம் அரூர் அருகே வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று நடந்த கொடுமைக்குப் பிறகு, பாலியல் வன்கொடுமைக்கு ஆளான 18 பெண்கள் ஆண்டுக்கணக்கில் அடையாள அணிவகுப்புக்கும் சாட்சிக் கூண்டுக்கும் போய் நின்றார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. அதற்குள் 54 பேர் இறந்துவிட்டார்கள். சரியாகப் பன்னிரண்டு ஆண்டு கழித்து அதே தேதியில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்து, அந்தப் பெண்களுக்கோ குடும்பத்தினருக்கோ சுயதொழிலோ நிரந்தர வேலையோ தர வேண்டும் என்றும் சொன்னது. வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை என மூன்று துறை ஊழியர்களை நிற்கவைத்த அந்தப் பெண்களைத் தலைவர்கள் என்று எந்தப் பட்டியலும் சேர்த்துக்கொள்வதில்லை.

பணியிடத்துக்குள் வந்துவிட்டாலும் சுமை தீர்வதில்லை. ஆஸ்திரேலியாவில் அபாரிஜினல் மக்களின் பணியிட அனுபவம் குறித்து 2020இல் ‘காரி யாலா’ என்ற ஆய்வு வந்தது; 1,033 பேரிடம் கேட்டிருந்தார்கள். தங்கள் சமூகத்தைப் பற்றி மற்றவர்களுக்குப் பாடம் எடுப்பது, விழா நடத்துவது, எல்லாக் குழுவிலும் ஒப்புக்கு உட்காருவது என்று சம்பளமில்லாத கூடுதல் வேலை அவர்கள் தலையில் விழுவதை அது பண்பாட்டுச் சுமை என்று பதிவு செய்தது. நம் ஊரில் இருளப் பெண் ஒருத்தி அங்கன்வாடிப் பணியாளராகவோ மகளிர் குழுப் பொறுப்பாளராகவோ ஆகிவிட்டால் என்ன நடக்கும்? அந்தப் பகுதி இருளரின் சான்றிதழ், பட்டா, ரேஷன் எல்லாவற்றுக்கும் அவளே தரகர், அவளே மொழிபெயர்ப்பாளர். துறைக்கு வசதி, அவளுக்கு இரட்டை வேலை. மாமல்லபுரம் அருகே பூஞ்சேரியில் நரிக்குறவர் சமூகத்து அஸ்வினி, கோயில் அன்னதானப் பந்தியிலிருந்து விரட்டப்பட்டதைப் பேசி 2021இல் நாடறிந்தவரானார். நவம்பர் 4, தீபாவளியன்று முதல்வர் மு.க. ஸ்டாலின் அவர் ஊருக்கே வந்தார். அந்தச் சமூகம் பழங்குடிப் பட்டியலில் சேரும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2022 டிசம்பரில். கேமரா முன் கிடைக்கும் இடம் சீக்கிரம் கிடைத்துவிடுகிறது. பட்டியலிலும் குழுவிலும் கிடைக்க வேண்டியது பின்னால் வருகிறது. திரௌபதி முர்மு 2022 ஜூலையில் குடியரசுத் தலைவரானதை ஒரு சந்தால் பெண்ணின் வெற்றியாகப் பார்க்க எனக்குத் தயக்கமில்லை. ஆனால் உச்சியில் ஒருவர் அமர்ந்தால் வி.ஏ.ஓ. மேஜையில் கேள்வி மாறிவிடும் என்று எதிர்பார்ப்பது தவறு.

புறநகரில் செய்யக்கூடியது என்ன என்றால், கையெட்டும் தூரத்தில் ஒன்று இருக்கிறது. பல்லாவரம் நகராட்சியில் இருந்த குரோம்பேட்டை 2021 நவம்பரில் 70 வார்டுகள் கொண்ட தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்தது. மேயர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட, 2022 மார்ச்சில் வசந்தகுமாரி 25 வயதில் முதல் மேயரானார். எண்ணிக்கை உள்ள சமூகத்துக்கு ஒதுக்கீடு எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு இது நல்ல சான்று. அரசியல் சாசனத்தின் 243டி பிரிவு மக்கள்தொகை விகிதப்படி இடம் தருவதால், சிதறி வாழும் இருளருக்கு ஒரு முழு வார்டுகூட எட்டுவது அரிது. ஆனால் உயிரிப் பன்மயச் சட்டம் ஒவ்வொரு உள்ளாட்சியும் ஒரு மேலாண்மைக் குழுவை அமைக்க வேண்டும் என்கிறது. அந்தப் பகுதியின் செடி கொடி, உயிரினம், அவை பற்றிய மக்களறிவு எல்லாவற்றையும் பதிவேடாக எழுதுவது அதன் வேலை. 2004 விதிகள், நியமிக்கப்படும் ஆறு பேரில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாகவும், 18 சதவீதமாவது பட்டியல் சாதி அல்லது பழங்குடியினராகவும் இருக்க வேண்டும் என்றன. இதற்குத் தேர்தல் வேண்டாம், இனச்சுழற்சியில் முறை வரக் காத்திருக்கவும் வேண்டாம். மாமன்றத் தீர்மானம் ஒன்று போதும்.

சிட்லபாக்கம், செம்பாக்கம் ஏரிகளைப் பற்றிய பதிவேட்டை ஒரு இருளப் பெண் சரிபார்த்தால் அது வேறு மாதிரியான ஆவணமாக இருக்கும். அவரை நியமிக்கும் தீர்மானத்திலேயே இன்னும் இரண்டு வரி சேர்த்துக்கொள்ள வேண்டும்: கூட்டம் நடக்கும் நாளில் அவர் இழக்கும் கூலிக்குக் குறையாத அமர்வுப்படி, அவர் சொன்ன செடியும் தகவலும் பதிவேட்டில் அவர் பெயரோடு ஏற வேண்டும் என்ற நிபந்தனை.